உங்களுக்குத் தெரியுமா? - ‘தத்ரூபம்!’ திருச்சி, திருவரங்கம் சிறப்புத் துணுக்குகள்

சிலையைப் பார்த்தாலும், படத்தைப் பார்த்தாலும், மேடையில் ஒருவர் நடித்துக் காட்டினாலும் நம் வாயில் முதலில் வருகிற பாராட்டு ‘தத்ரூபம்’. அந்தச் சொல்லுக்குச் சரியான பொருள் என்ன, அதை எங்கே சொல்லலாம், அதற்கு உரியவை எவை? காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையிலும், மலைக்கோட்டையைச் சுற்றியும் இதற்கு எத்தனையோ சான்றுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சொல் பிறந்த கதை

‘தத்’ என்றால் அது. ‘ரூபம்’ என்றால் வடிவம். அதே வடிவம் என்பதுதான் தத்ரூபம். வடமொழியிலிருந்து வந்த இந்தச் சொல் தமிழில் பெரும்பாலும் ‘தத்ரூபமாக’ என்றே வழங்குகிறது. தத்ரூபமாக வரைந்தார், தத்ரூபமாகச் செதுக்கினார், தத்ரூபமாக நடித்தார் என்கிறோம். மூன்றிலும் ஒரு மனிதரின் கைத்திறமோ மெய்த்திறமோ பின்னால் நிற்கிறது.

யாளிக்குப் பொருந்தாத பாராட்டு

தத்ரூபம் என்று சொல்ல இரண்டு பொருள்கள் வேண்டும். ஒன்று அசல், மற்றொன்று அதைப் போலச் செய்தது. குதிரைச் சிற்பத்தைத் தத்ரூபம் எனலாம், ஏனென்றால் குதிரையை நாம் பார்த்திருக்கிறோம். சிங்க முகமும் யானைத் துதிக்கையும் கொண்ட யாளியை எவரும் கண்டதில்லை. எதைப் போல இருக்கிறது என்று ஒப்பிட வழியில்லை. யாளிச் சிற்பம் உயிரோடு பாய்வதுபோல் இருந்தால் ‘உயிரோட்டமானது’ என்பதே சரி. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் எழுத்தில் தவறு வராது.

அசல், நகல் எங்கிருந்து வந்தன?

‘அச்சு அசல் அப்பாதான்’ என்று குழந்தையைப் பார்த்துச் சொல்கிறோமே, அந்த ‘அசல்’ அரபிச் சொல். வேர், மூலம் என்பது அதன் பொருள். ‘நகல்’ என்பதும் அரபிதான். கடன் பத்திரத்தில் அசலும் வட்டியும், பதிவு அலுவலகத்தில் அசலும் நகலும் என்று அலுவல் வழக்கில் ஊறிய சொற்கள் இவை. அங்கிருந்து குழந்தையின் முகம்வரை வந்துவிட்டன. ‘உரித்து வைத்தாற்போல’ என்பது மட்டும் முழுக்க முழுக்க வீட்டுத் தமிழ்.

சாயல் என்றால் மென்மை

‘அம்மா சாயல்’ என்கிறோம். ஆனால் தொல்காப்பியர் காலத்தில் சாயலுக்கு இந்தப் பொருள் இல்லை. அவர் உரியியலில் சாயல் என்பதற்கு மென்மை என்று பொருள் சொல்கிறார். மென்மையையும் அழகையும் குறித்த சொல், பிற்காலத்தில் முகஒப்பைக் குறிக்க வந்தது. தத்ரூபத்துக்கும் சாயலுக்கும் அளவில் வேறுபாடு உண்டு. முழுதும் ஒத்திருந்தால் தத்ரூபம். ஒரு சில கூறுகளில் ஒத்திருந்தால் சாயல்.

ஒப்புக்கு நான்கு வாசல்

ஒன்று மற்றொன்றைப் போல இருக்கிறது என்றால் எதில் போல இருக்கிறது? தொல்காப்பிய உவமவியல் நான்கு வழிகளைக் காட்டுகிறது: வினை, பயன், மெய், உரு. அதாவது செயலால் ஒப்பு, விளைவால் ஒப்பு, வடிவால் ஒப்பு, நிறத்தால் ஒப்பு. நாம் தத்ரூபம் என்று சொல்லும்போது வடிவையும் நிறத்தையுமே பெரும்பாலும் பார்க்கிறோம். தொல்காப்பியரோ வினையை முதலில் வைத்தார். அசைவைப் பிடித்த சிற்பிதான் உயிரைப் பிடிக்கிறான் என்பதற்கு இந்த வரிசை நல்ல வழிகாட்டி.

பார்ப்பவர் கண்ணில் வேலை செய்தவர்கள்

ஓவியர்களுக்குச் சங்க இலக்கியம் தந்த பெயர் ‘கண்ணுள் வினைஞர்’. பார்ப்பவரின் கண்ணுக்குள்ளே தம் தொழிலை நிறுத்துபவர்கள் என்று உரையாசிரியர் விளக்கம் தருகிறார். மதுரைக்காஞ்சி இன்னும் ஒரு படி மேலே போகிறது. எல்லா வகைச் செயல்களையும் ஒப்புமை தோன்றக் காட்டுபவர்கள், நுட்பமாக உணர்ந்த கூர்மையான பார்வை உடையவர்கள் என்று அவர்களை அறிமுகப்படுத்துகிறது. கையைவிடப் பார்வைக்குத்தான் அந்தப் புலவர் முதலிடம் தருகிறார். நுட்பமாகப் பாராதவனால் தத்ரூபமாக வரைய முடியாது என்பதைத் தமிழ் அன்றே சொல்லிவிட்டது. சிலப்பதிகாரமும் புகார் நகர வீதியில் கண்ணுள் வினைஞரையும், மண்ணால் உருவம் செய்யும் மண்ணீட்டாளரையும் அடுத்தடுத்து நிறுத்துகிறது.

கொல்லிமலைப் பாவை

திருச்சி மாவட்டத்தின் துறையூர்ப் பக்கம் நின்று பார்த்தால் மேற்கே தெரிவது கொல்லிமலை. அங்கே ஒரு பாவை இருந்ததாக நற்றிணையும் குறுந்தொகையும் பேசுகின்றன. தெய்வம் அமைத்தது, பூதம் செய்தது என்றெல்லாம் பாடல்கள் கூறுகின்றன. காற்று மோதினாலும் இடி முழங்கினாலும் அதன் அழகு குலையாது என்கிறது ஒரு நற்றிணைப் பாடல். தலைவியின் அழகுக்கு உவமையாகச் சங்கப் புலவர்கள் இந்தப் பாவையைக் கொண்டுவந்தார்கள். பெண்ணைப் போலச் சிலை என்பதே வழக்கம். அந்தப் பாடல்களில் சிலையைப் போலப் பெண்!

மலைக்கோட்டையில் இருப்பது சிவனா, மன்னனா?

உச்சிப் பிள்ளையாரைப் பார்க்கப் படியேறுகிறவர்களில் பலர் வழியிலுள்ள மேல்குடைவரையைக் கடந்து போய்விடுகிறார்கள். முதலாம் மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் குடைவித்த ‘லலிதாங்குர பல்லவேஸ்வர கிருகம்’ அது. அதன் சுவரில் கங்காதரர் நிற்கிறார். ஒரு காலைப் பூதகணம் தாங்குகிறது. ஒரு கை சடையின் ஒரு புரியை இழுத்து நீட்டுகிறது, இறங்கிவரும் கங்கையை ஏற்க. சுற்றிலும் அடியவர்கள்.

அருகிலுள்ள தூண்களில் வடமொழிக் கல்வெட்டு இருக்கிறது. இறைவனை இம்மலையில் நிலைபெறச் செய்ததன் மூலம் தானும் நிலைபெற்றதாக மன்னன் அதில் சிலேடையாகச் சொல்கிறான். அதை வைத்து, இந்தக் கங்காதரரின் முகத்தில் மகேந்திரவர்மனின் முகமே இருக்கிறது என்று ஆய்வாளர் சிலர் வாதிடுகிறார்கள். ‘சித்திரகாரப்புலி’ என்று பட்டம் சூட்டிக்கொண்ட மன்னன் அவன்.

அங்குலம் எல்லாச் சிலைக்கும் ஒன்றல்ல

சிற்ப நூல்களில் முகத்தின் நீளம் ஒரு ‘தாலம்’. அதைப் 12 பாகமாக்கினால் ஒரு பாகம் ஓர் அங்குலம். சிலை பெரிதானால் அங்குலமும் பெரிதாகும். சிவனுக்கும் திருமாலுக்கும் 124 அங்குலம் கொண்ட உத்தம தசதாலம். பிள்ளையாருக்குப் பஞ்சதாலம், அதாவது ஐந்து முக உயரம். அதனால்தான் நம் பிள்ளையார் எங்கே இருந்தாலும் குட்டையாகவும் கொழுகொழுவென்றும் இருக்கிறார். கண்ணுக்குப் பழகிய அளவு மாறினால் ‘என்னவோ சரியில்லையே’ என்று சாதாரணப் பக்தருக்கும் தோன்றிவிடும்.

சீனிவாசநல்லூர் முகங்கள்

திருச்சியிலிருந்து நாமக்கல் போகும் சாலையில், முசிறிக்கும் தொட்டியத்துக்கும் இடையே காவிரியின் வடகரையில் இருக்கிறது சீனிவாசநல்லூர். அங்குள்ள கொரங்கநாதர் கோயில் முற்காலச் சோழர் காலத்தது. சுவர் மாடங்களிலும் அவற்றின் பக்கங்களிலும் நிற்கும் ஆண், பெண் உருவங்களைப் பார்த்தால், ஒரே அச்சில் வார்த்த முகங்களாக அவை இல்லை. ஒருவரின் ஒடிந்து நிற்கும் இடுப்பு, மற்றவரின் கொண்டை, உதட்டோர நெகிழ்ச்சி எனத் தனித்தனி மனிதர்களாக நிற்கிறார்கள். உண்மையில் வாழ்ந்தவர்களைப் பார்த்துச் செதுக்கியவையோ என்ற எண்ணம் வராமல் போகாது. சோழச் சிற்பம் பிடிக்கும் என்பவர்கள் அவசியம் இறங்கிப் பார்க்க வேண்டிய ஊர்.

குதிரை மண்டபம்

திருவரங்கத்தில் வெள்ளைக் கோபுரத்துக்கு அருகே, ஆயிரங்கால் மண்டபத்தைப் பார்த்தபடி இருக்கிறது சேஷராயர் மண்டபம். முன்வரிசைத் தூண்கள் ஒவ்வொன்றும் ஒரு பாயும் குதிரை. விஜயநகர, நாயக்கர் காலச் சிற்பிகளின் உச்சம் இது. தூணும் குதிரையும் வீரனும் விலங்கும் ஒரே கல்.

ஒரு தூணுக்கு முன் நின்று கீழிருந்து மேலே பாருங்கள். குதிரையின் வயிற்றுக்குக் கீழே காலாள் வீரர்கள் நெருக்கியடித்து நிற்கிறார்கள். பாயும் புலியின் உடலில் குதிரைவீரனின் ஈட்டி இறங்குகிறது. மேலே குதிரையின் வாயில் கடிவாளம் இழுபட்டு, உதடு விலகிப் பல் தெரிகிறது. வீரனின் பாதம் அங்கவடியில் அழுந்தியிருக்கிறது. குதிரை தன் எடை முழுவதையும் பின்னங்கால்களில் ஏற்றி எழுந்திருக்கிறது.

அளவுகோலை எடுத்து வைத்தால் வீரனும் விலங்கும் குதிரையும் உலகியல் அளவில் இல்லை. காலாட்கள் சிறியவர்கள், குதிரை பெரிது. இருந்தும் பார்க்கிற எல்லோரும் ஒரு கணம் ஒதுங்கி நிற்கிறோம். கடிவாளத்தின் இழுப்பும் அங்கவடியின் அழுத்தமும் உண்மையாக இருப்பதால் மற்றதையும் கண் நம்பிவிடுகிறது. தத்ரூபத்தின் இரகசியம் இந்த மண்டபத்தில் வெளிப்படையாக நிற்கிறது: எல்லாவற்றையும் ஒத்துச் செய்ய வேண்டியதில்லை, செய்ய வேண்டியதை ஒத்துச் செய்தால் போதும்.

கண்ணாடி பார்க்கும் பெண்

அதே கோயிலில் வேணுகோபாலன் சன்னிதியின் வெளிச்சுவரைச் சுற்றி வந்திருக்கிறீர்களா? வீணை மீட்டும் பெண், கையில் கிளியோடு நிற்பவள், கண்ணாடியில் முகம் பார்ப்பவள் என்று அன்றாட வாழ்க்கையே அங்கே இருக்கிறது. அவர்கள் யாரும் தெய்வங்கள் இல்லை. வீட்டு முற்றத்தில் நடப்பதைச் சன்னிதிச் சுவரில் ஏற்றியிருக்கிறார்கள். விரல் நரம்பைத் தொடும் இடத்தையும் கிளியின் மூக்கையும் நின்று பாருங்கள்.

தந்தத்தில் அரசர்கள்

திருவரங்கம் கோயில் அருங்காட்சியகத்தில் நாயக்கர் காலத்துத் தந்தச் சிற்பங்கள் இருக்கின்றன. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட விஜயரங்க சொக்கநாத நாயக்கரும் அவர் குடும்பத்தாரும் ஆளுயரச் சிலைகளாகக் கோயிலுக்குள்ளேயே கைகூப்பி நிற்கிறார்கள். அரங்கனுக்கு முன் அரசன் என்றென்றும் அடியவனாக நிற்க வேண்டும் என்பதற்காகவே இப்படிச் சிலை வைப்பது வழக்கம்.

மூன்று திருமேனிகள்

வைணவ மரபில் உடையவர் இராமானுசருக்கு மூன்று திருமேனிகள் சிறப்பு. திருப்பெரும்புதூரில் அவரே உகந்து ஏற்றது ‘தானுகந்த திருமேனி’. மேல்கோட்டையில் அடியார்கள் பிரிவாற்றாமல் வேண்டிப் பெற்றது ‘தமருகந்த திருமேனி’. திருவரங்கத்தில் இருப்பது ‘தானான திருமேனி’. அங்கே அவரே அமர்ந்த கோலத்தில் எழுந்தருளியிருக்கிறார் என்பது நம்பிக்கை. பச்சைக் கற்பூரமும் குங்குமப்பூவும் கலந்த காப்பு ஆண்டுக்கு இரு முறை சாத்தப்படுகிறது. முதல் இரண்டும் உடையவரை ஒத்த திருவுருவங்கள். மூன்றாவதில் ஒப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. உருவமும் அவர், உடலும் அவர். தத்ரூபத்தையும் தாண்டிய நிலைக்கு ஒரு பெயர் தேடினால், ‘தானான’ என்பதைவிட நல்ல சொல் கிடைக்காது.

இரண்டு உற்சவர்கள், ஓர் அடையாளம்

14ஆம் நூற்றாண்டில் தில்லிப் படை திருவரங்கத்தைத் தாக்கியபோது உற்சவர் அழகிய மணவாளனை வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியர் முதலானோர் மறைவாகக் கொண்டுபோனார்கள். பல ஊர்கள் சுற்றி, 1371இல் உற்சவர் திரும்பினார். அதற்குள் கோயிலில் வேறொரு திருவுருவம் வழிபாட்டில் இருந்தது. இரண்டில் பழையது எது? தலைமுறைகள் கடந்துவிட்டதால் ஊராருக்குச் சொல்லத் தெரியவில்லை.

அப்போது முதியவரான ஓர் ஈரங்கொல்லி முன்வந்தார் என்கிறது கோயில் வரலாற்றைச் சொல்லும் ‘கோயிலொழுகு’. பெருமாளின் ஈரவாடையைத் துவைத்த வண்ணார் அவர், கண்பார்வை போய்விட்டிருந்தது. இரண்டு திருமேனிகளுக்கும் திருமஞ்சனம் செய்து, ஈரவாடைத் தீர்த்தத்தைத் தரச் சொன்னார். பருகிப் பார்த்ததும், பழைய மணத்தை உணர்ந்து, இவரே நம்பெருமாள் என்று அறிவித்தார். அன்றிலிருந்து ‘நம்பெருமாள்’ என்ற பெயரே நிலைத்தது.

கண்ணுள்ளவர்களால் பிரித்தறிய முடியாத ஒப்பை, கண்ணில்லாத ஒருவர் பிரித்தறிந்தார். தொண்டில் பழகியவருக்கு மட்டுமே தெரியும் அடையாளம் அது. திருவரங்கத்தார் இன்றும் பெருமையோடு சொல்லும் வரலாறு இது.

தலையசைத்த சிங்கம்

தாயார் சன்னிதிக்கு எதிரே இருப்பது கம்பர் மண்டபம். கம்பராமாயணம் அரங்கேறிய இடம் என்பது மரபு. இரணியன் வதைப் படலத்தைச் சேர்த்ததற்குச் சிலர் தடை சொன்னபோது, அருகிலுள்ள மேட்டழகிய சிங்கர் தலையசைத்து ஆமோதித்தார் என்பது செவிவழிச் செய்தி. நரசிங்கத்தைச் சொல்லோவியமாகக் கம்பர் தீட்ட, அந்த நரசிங்கமே ஏற்றுக்கொண்டது என்பதைவிடப் பெரிய பாராட்டு ஒரு கவிஞனுக்கு இல்லை.

வேடம் மாற்றாமல் பாத்திரம் மாறுபவர்

மார்கழித் திருஅத்யயன உற்சவத்தில் திருவரங்கத்தில், பாசுரங்களைப் பாடி நடித்துக் காட்டும் அரையர் சேவை நடக்கும். நாதமுனிகள் தொடங்கியதாகக் கருதப்படும் மரபு. கூம்பு வடிவக் குல்லாய், கையில் தாளம். இவைதான் அரையரின் கோலம். ‘முத்துக்குறி’ என்ற பகுதியைச் சேவிக்கும்போது அவரே மகளுக்காக வருந்தும் தாயாகிறார், அவரே குறி சொல்லும் கட்டுவிச்சியாகிறார். புடவை இல்லை, அரிதாரம் இல்லை, திரை இல்லை. குரலும் கையும் கண்ணும் மட்டுமே மாறுகின்றன. ஒப்பனையால் வருவது வேடம், மெய்ப்பாட்டால் வருவது தத்ரூபம் என்பதை ஒரே ஆள் நிரூபிக்கிறார்.

ஆனைக்காவில் உச்சிக்கால பூசை

திருவரங்கத்துக்குப் பக்கத்திலேயே திருவானைக்கா. நாள்தோறும் உச்சிக்கால பூசையின்போது அர்ச்சகர் புடவை உடுத்தி, கிரீடம் அணிந்து, அகிலாண்டேஸ்வரியாகவே சம்புகேஸ்வரர் சன்னிதிக்கு வருகிறார். அம்பிகையே ஈசனைப் பூசித்த தலம் என்பதால் இந்த வழக்கம். மேளம் முழங்க, யானை முன்னே வர, அந்த நேரத்தில் அவரை அர்ச்சகராக எவரும் பார்ப்பதில்லை. வழிநெடுக அம்பிகையாகவே வணங்குகிறார்கள்.

இருட்டுப் பெட்டியில் மலைக்கோட்டை

இங்கிலாந்து ஓவியர்களான தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியலும் 1792இல் திருச்சிக்கு வந்தார்கள். ‘கேமரா அப்ஸ்க்யூரா’ என்ற இருட்டுப் பெட்டியை உடன் வைத்திருந்தார்கள். துளைவழியே உள்ளே விழும் காட்சியின் விளிம்புகளைத் தாளில் பிடித்துக்கொண்டு, பிறகு வண்ணம் தீட்டுவார்கள். புகைப்படம் பிறப்பதற்கு முன்பே மலைக்கோட்டையின் உருவம் ஏறக்குறையப் பிசகில்லாமல் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது இப்படித்தான்.

மைக்காவில் மனிதர்கள்

19ஆம் நூற்றாண்டில் திருச்சி ஓவியர்கள் மெல்லிய மைக்காத் தகட்டில் படம் எழுதுவதில் பேர் பெற்றிருந்தார்கள். தொழிலாளிகள், உடைகள், வாகனங்கள், திருவிழாக்கள் எல்லாம் அதில் வண்ணமாயின. ஆங்கிலேயர்கள் தொகுதி தொகுதியாக வாங்கி ஊருக்கு அனுப்பினார்கள். இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அவை இன்றும் உள்ளன. அக்காலத்து நெசவாளி எப்படி உட்கார்ந்தார், வண்டிக்காரர் தலைப்பாகையை எப்படிக் கட்டினார் என்பதற்கு அந்தத் தகடுகள் சாட்சி.

புகைப்படத்திலும் தூரிகை

சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் ட்ரைப், திருச்சியையும் திருவரங்கத்தையும் படமெடுத்தார். 1858இல் அவை தொகுதிகளாக வந்தன. மெழுகு பூசிய தாளில் அவர் நெகட்டிவ் எடுத்தார். அந்தக் கால ரசாயனத்தில் வானம் வெறுமையாகப் பதிந்துவிடும். ஆகவே நெகட்டிவ் மீது தூரிகையால் மேகங்களையும் இலைகளையும் சேர்த்தார். இயற்கையாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே கையால் திருத்தினார்! கருவி பிடித்தது மட்டும் கண்ணுக்குப் போதவில்லை.

சில்பி

நாமக்கல்லில் 1919இல் பிறந்த பி.எம். சீனிவாசன், ‘சில்பி’ என்ற பெயரில் ஆனந்த விகடனில் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ தொடருக்குக் கோயில் சிற்பங்களை வரைந்தார். எழுத்தாளர் தேவன் அதற்குக் கட்டுரை எழுதினார். சன்னிதிமுன் மணிக்கணக்கில் உட்கார்ந்து, கோடு கோடாகப் பார்த்து வரைவது அவர் வழக்கம். கல்லின் சிதைவைக்கூட மறைக்காமல் காட்டினார். அந்தப் பக்கங்களை வெட்டியெடுத்துப் பூசையறையில் மாட்டிய குடும்பங்கள் தமிழ்நாட்டில் ஏராளம்.

பட்டமான பாத்திரம்

நாடக மேதை டி.எஸ். இராஜமாணிக்கம் ‘பக்த ராமதாஸ்’ நாடகத்தில் நவாப் தானிஷாவாக நடித்தார். மக்கள் அவரை நவாப் என்றே அழைக்கத் தொடங்கினார்கள். இன்றும் அவர் ‘நவாப் இராஜமாணிக்கம்’தான். இயற்பெயருக்கு முன்னால் பாத்திரத்தின் பெயர் வந்து ஒட்டிக்கொள்வது ஒரு நடிகருக்கு மக்கள் தரும் உயர்ந்த சான்றிதழ்.

எழுத்தில் கீழச் சித்திரை வீதி

திருவரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்த எஸ். ரங்கராஜன்தான் எழுத்தாளர் சுஜாதா. அவருடைய ‘ஸ்ரீரங்கத்து தேவதைகள்’ கதைகளில் சித்திரை வீதியும் ரங்கு கடையும் கிரிக்கெட் ஆடும் பையன்களும் வருகிறார்கள். தொல்காப்பியர் உலகியல் வழக்கும் நாடக வழக்கும் கலந்தால்தான் இலக்கியம் என்றார். உள்ளது உள்ளபடி மட்டும் எழுதினால் அது செய்தி. சுஜாதாவின் திருவரங்கத்தில் இரண்டும் சரியான அளவில் கலந்திருக்கின்றன.

பட்டை தீட்டிய போலி

திருச்சி வட்டாரத்தில் செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டுவது குடிசைத் தொழிலாகவே வளர்ந்தது. ‘க்யூபிக் சிர்கோனியா’ எனும் கல் பார்வைக்கு வைரமேதான். கடினத்தில் வைரம் 10 என்றால் இது 8 முதல் 8.5. அதே அளவுள்ள வைரத்தைவிட இதன் எடை ஒன்றரை மடங்குக்கும் மேல். இரண்டின் மீதும் ஊதிப் பாருங்கள். வைரத்தில் படியும் ஆவி சட்டென மறையும், இதில் சற்றுத் தங்கும். உருவில் ஒப்பு, மெய்யில் வேறு.

மரமாகத் தெரியும் கல்

பழைய திருச்சி மாவட்டத்திலிருந்து பிரிந்த பெரம்பலூர் மாவட்டத்தில், சாத்தனூரில் ஒரு கல்மரம் கிடக்கிறது. சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. நீளம் ஏறத்தாழ 18 மீட்டர். 1940இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் இதை அறிவித்தார். மரத்தின் திசுக்கள் இருந்த இடத்தில் கனிமங்கள் அணு அணுவாகப் புகுந்ததால், கிளை முறிந்த தழும்புவரை அப்படியே இருக்கிறது. தட்டினால்தான் கல். மனிதக் கை படாத தத்ரூபம்.

உயிர் காக்கும் ஒப்பு

திருவரங்கம் மேலூர் அருகே 2015இல் திறக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குப் போகிறவர்கள் வெந்தய வரியனைத் தெரிந்துகொள்ளுங்கள். எருக்கு இலை தின்று வளர்வதால் அதன் உடலில் நஞ்சு உண்டு. பறவைகள் தொடாது. ‘டனாய்ட் எக்ஃப்ளை’ என்ற வேறொரு பூச்சியின் பெண்ணுக்கு நஞ்சு இல்லை. ஆனால் வெந்தய வரியனை உரித்து வைத்தாற்போல இருக்கும். அதே ஆரஞ்சு, அதே கறுப்பு விளிம்பு, அதே வெள்ளைப் புள்ளிகள். பறவை ஏமாறுகிறது, பூச்சி பிழைக்கிறது. ஆணோ கறுப்பில் வெள்ளைப் பொட்டுகளுடன் வேறு மாதிரி இருக்கும்.

கடைசியில் திறப்பது கண்

சிலை முழுதும் முடிந்த பிறகே ஸ்தபதி கண் திறப்பார். பொன்னூசியாலோ பொன்னுளியாலோ கருவிழியைக் கீறும் அந்தக் கணத்துக்கு முன்புவரை அது வேலையில் இருக்கும் கல்லோ உலோகமோதான். கண் திறந்ததும் கண்ணாடி, கன்றோடு பசு, தானியக் குவியல் முதலிய மங்கலப் பொருள்களைத் திருமேனியின் பார்வையில் முதலில் காட்டுவார்கள். நம் மரபு உருவத்தை முதலிலும் பார்வையைக் கடைசியிலும் வைத்தது.

படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

திருவரங்கம் கோயில் புனரமைப்புக்காக 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. அந்தப் பெருமையைக் காப்பது நம் கையில். தூணில் விபூதி, குங்குமத்தைத் தடவாதீர்கள். சிலைகளில் பெயர் கிறுக்காதீர்கள். குழந்தைகள் கிறுக்கினால் தடுத்துச் சொல்லுங்கள். எண்ணெய்ப் பிசுக்கேறிய முகத்தில் சிற்பி செதுக்கிய நுட்பம் தெரியாது. அடுத்த முறை சேஷராயர் மண்டபத்துக்கோ மலைக்கோட்டைக் குடைவரைக்கோ போனால், படமெடுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். கூட வரும் பிள்ளைகளுக்கும் கடிவாளத்தையும் அங்கவடியையும் கைகாட்டிச் சொல்லுங்கள். பார்த்துவிட்டுச் சொல்கிற ‘தத்ரூபம்’தான் அந்தச் சிற்பிக்கு நாம் தரும் கூலி.